தேருக்கு மறுநாள் வராத பஸ்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பாளையங்கோட்டையில் கல்லூரிப் பிள்ளைகள் நடமாடுகிற தெருவில் இன்றைக்கு என் டிபன் கடைதான் பெரிது. கடைக்கு மேலே நான் வாடகைக்கு விடுகிற மாடி அறைகளில் தங்குவதெல்லாம் பட்டப்படிப்புப் பிள்ளைகள். இந்த ஊருக்கு வந்த புதிதில் அடுப்படியில் அரிசிச் சாக்கை விரித்துப் படுத்தவன் நான். எனக்கு யாரும் அறை கொடுக்கவில்லை. நானும் யாருக்கும் இரக்கப்பட்டுக் கொடுப்பதில்லை.

போன வருடம் நாங்குநேரியிலிருந்து ஒருத்தன் வந்து நின்றான். எம்.எஸ்ஸி. முதல் வருடம். நாகர்கோவில் பஸ்கள் அந்த ஊருக்குள் நுழையாமல் பைபாஸிலேயே போய்விடும். எல்லா ஊரிலும் நின்று வருகிற பஸ்ஸைப் பிடித்தால் முதல் வகுப்பு முடிந்திருக்கும். வருகை குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்களாம்.

"வாடகைக்கு வழியில்ல அண்ணாச்சி. ஏதாச்சும் வேலை பாக்கேன்."

"காலைப் பந்தியைப் பாரு. விடியுமுன்ன ஷட்டரைத் தூக்கணும். ஒரு நாள் தவறுனாலும் வேலையும் கிடையாது, ரூமும் கிடையாது. சரியாலே?"

தலையாட்டினான். நன்றாகவே வேலை பார்த்தான். அதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கு ஏறும்.

ஊரில் தேரோட்டம், போய்விட்டு மறுநாள் விடியுமுன் வந்துவிடுகிறேன் என்றான்.

"எப்படிலே வருவ?"

"தேருக்கு எல்லா பஸ்ஸும் ஊருக்குள்ள வருது அண்ணாச்சி."

தேரன்றைக்கு வரும். தேர் நிலைக்கு வந்துவிட்டால் மறுபடி பைபாஸ்தான். அந்த ரோட்டில் வருடக்கணக்காக வாழையிலைக் கட்டு ஏற்றி வந்த எனக்கு இது தெரியாதா? சொல்லவில்லை. மீசை முளைத்தவனுக்கு அவன் ஊர் பஸ்ஸைப் பற்றி நான் எதற்குச் சொல்ல வேண்டும்? அறை கேட்டு ஒரு களக்காட்டுக்காரன் வேறு நடையாய் நடந்துகொண்டிருந்தான்.

தேருக்கு மறுநாள் ஷட்டரை நானே தூக்கினேன். இந்த வயதிலும் ஒரே தூக்கு. களக்காட்டுக்காரனுக்குப் போன் போட்டேன். அவன் வந்து, பழையவனின் பெட்டியையும் பாயையும் மாடிப்படிக்குக் கீழே இறக்கி வைத்துவிட்டு இலை போட ஆரம்பித்தான்.

பந்தி முடிகிற நேரத்தில் நாங்குநேரிக்காரன் வந்தான். வாழைத்தார் லாரியில் ஏறி வந்திருக்கிறான்; சட்டையெல்லாம் கறை.

"ஊருக்குள்ளயே நின்னுட்டேன் அண்ணாச்சி. ஒரு பஸ்ஸும் வரல. பொறவு பைபாஸுக்கு ஓடிப் போயி கையைக் காட்டுனேன், ஒருத்தனும் நிறுத்தல."

"நிறுத்தமாட்டான். எனக்குத்தான் தெரியும்லா."

"தெரிஞ்சா சொல்லியிருக்கலாம்லா?"

"எனக்கு எவம்லே சொல்லித் தந்தான்?"

இட்லி தின்றுகொண்டிருந்த ஆட்டோக்காரர், "தேரை இழுத்தவன் தெருவுல நிக்கான், பாரும் வே!" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"இந்த ஒரு தடவை மட்டும் அண்ணாச்சி..."

"ஒரு தடவை தவறுனாலும் கிடையாதுன்னுதானலே அன்னைக்கே சொன்னேன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு ஊரிலிருந்தே வந்து போனான். பஸ்ஸை விட்டு இறங்கி என் கடை வாசல் வழியாக ஓடுவதைக் கல்லாவிலிருந்து பார்ப்பேன். முதல் வகுப்பு அப்போது முடிந்திருக்கும்.

பரீட்சை வந்தது.

"வருகை பத்தலன்னு அவன எழுத விடலையாம் அண்ணாச்சி." களக்காட்டுக்காரன் துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான்.

"மேசையைத் துடைலே" என்றேன்.

துடைத்தான். இன்றுவரை அவன் ஒரு நாளும் தவறியதில்லை. ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குக்கூடப் போகவில்லை.