மூன்றாவது பிளக்

என் மனைவிக்குச் செவ்வாயும் வெள்ளியும் கோலார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். காலை எட்டு மணிக்கெல்லாம் கட்டிலில் இருக்க வேண்டும். முடிந்து பஸ்ஸில் திரும்பினால் அவளால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூட முடியாது. அதற்காகத்தான் அந்தப் பழைய காரை வாங்கினேன்.

ஒரு புதன்கிழமை வண்டி குலுங்க ஆரம்பித்தது. "மெக்கானிக்கிட்ட காட்டுங்களேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. தங்கச் சுரங்கத்தில், நந்திதுர்க் ஷாஃப்டில் பதினெட்டு வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான். ஆட்களைக் கீழே இறக்கும் கேஜுக்கு போல்ட் முடுக்கிய கை இது. மைனை மூடியவர்கள் வேலையைப் பிடுங்கிக்கொண்டார்கள், என் வீம்பை விட்டுவிட்டார்கள். "இந்தத் தகர டப்பாவுக்கு மெக்கானிக் ஒரு கேடா?" என்றேன்.

கோளாறைக் கண்டுபிடித்ததில் தப்பில்லை. அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் எஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, பெட்ரோலைப் பற்றவைக்கும் மூன்று பிளக்குகளின் ஒயரையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினேன். முதல் இரண்டுக்கும் எஞ்சின் தள்ளாடியது. மூன்றாவதைப் பிடுங்கியபோது சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அப்படியென்றால் வேலை செய்யாதது அதுதான். கழற்றிப் பார்த்தால் முனையெல்லாம் கரி. ஆண்டர்சன்பேட்டைக்குப் போய்ப் புது பிளக் வாங்கிவந்து கையால் திருகி, ஸ்பேனரால் கால் சுற்றுக் கொடுத்தேன். அதோடு எழுந்து போயிருக்க வேண்டும்.

மைனில் எங்களுக்கு ஒரு வழக்கம். கேஜில் ஒருவன் முடுக்கிய போல்ட்டை இன்னொருவன் வந்து இழுத்துப் பார்ப்பான். ஒருத்தன் கையை மட்டும் நம்பி யாரும் கீழே இறங்க மாட்டார்கள். வீட்டு வாசலில் எனக்கு இரண்டாவது ஆள் ஏது? ஸ்பேனரில் ஒரு பைப்பை மாட்டி, அவனுக்கும் சேர்த்து நானே இழுத்தேன். இறுகிக்கொண்டிருந்த பிளக் திடீரென்று கையோடு லேசாகச் சுற்றியது.

உள்ளே பிளக்கைப் பிடித்து வைக்கும் மரை தேய்ந்துபோய்விட்டது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். கேஜுக்குப் போடும் பலத்தை ஒரு பிளக்குக்குப் போட்டிருக்கிறேன், முட்டாள். ஆனால் சாவியைத் திருகினால் எஞ்சின் குலுங்காமல் ஓடியது. சமையலறையிலிருந்து அவள், "சரியாயிடுச்சா?" என்று கேட்டாள். "நம்ம கை வெச்சா ஆவாம போவுமா?" என்றேன். மெக்கானிக் கடை அப்போதும் திறந்துதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பங்காருபேட்டையைத் தாண்டியதும் டப்பென்று ஒரு சத்தம். பிளக் பிய்த்துக்கொண்டு வந்து பானெட்டில் அடித்திருந்தது. கால் இரண்டும் வீங்கி, மூச்சு வாங்க, அவள் ரோட்டோரத்தில் நின்றாள். பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அவள் கட்டிலில் அடுத்தவர் படுத்தாகிவிட்டது. சாயங்காலம் ஒரு கட்டில் கொடுத்தார்கள். அதுவரை பெஞ்சில் சாய்ந்தே கிடந்தாள்.

"நேத்தே தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"தெரியாது" என்றேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நானெல்லாம் ஒரு மனுஷன்.

சனிக்கிழமை மெக்கானிக் ரோட்டோரத்தில் நின்ற வண்டியை இழுத்துப் போனார். தேய்ந்த துளையில் புது மரை வைத்து, திங்களன்று கொண்டுவந்து விட்டார். "இன்னா சார், இது அலுமினியம் ஹெட்டு, இரும்பு இல்ல. இவ்ளோ இழுத்துக்கீறீங்க. முடுக்கறப்பவே லூசா சுத்தியிருக்குமே, தெரியலியா?" என்றார். அதைக் கேட்டுக்கொண்டே டீ கொண்டுவந்த என் மனைவி தம்ளரை அவரிடம் கொடுத்தாள், என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலை வண்டியைக் கிளப்பி வாசலில் நிறுத்தினேன். பையோடு வந்தவள் கார் கதவில் கை வைத்தபடி நின்றாள்.

"சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"இத நீங்க சொல்றீங்களா, மெக்கானிக் சொன்னாரா?"

"மெக்கானிக் சொன்னாரு" என்றேன்.

அப்புறம்தான் கதவைத் திறந்து ஏறினாள்.