மரப்பெட்டியில் வைத்த பன்னிரண்டு சுருட்டு

பிரெஞ்சு ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு, பென்ஷனோடு புதுச்சேரி லாஸ்பேட்டையில் வீடு கட்டிக்கொண்டவர் ஒகுஸ்த். ஓய்வு பெற்ற நாளில் படைப்பிரிவுக்காரர்கள் சேர்ந்து கொடுத்த சுருட்டுப்பெட்டி அவருடைய அலமாரியில் இருந்தது. உள்ளே தேவதாருப் பலகை, முகப்பில் ஈரப்பதம் காட்டும் சின்ன முள். வேறெதிலும் சுருட்டு வைக்க அவர் சம்மதிக்கமாட்டார்.

அவரோடு பணியில் இருந்த தியரி பிரான்சில் துலோன் நகரத்திலேயே தங்கிவிட்டார். ஜனவரி தோறும் புதுச்சேரி வருவார். 2004இல் பன்னிரண்டு கியூபா சுருட்டுகளோடு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றையும், ஈரத்தை அளவாக வைத்திருக்கும் பொட்டலங்களையும் கொண்டுவந்தார்.

“உன் பெட்டி அழகுதான் ஒகுஸ்த். ஆனா இந்த ஊரு மழைக்கு மரம் தண்ணிய இழுத்துக்கும், சுருட்டுல பூசணம் புடிச்சிடும். இதுல வையி. அடுத்த வருஷம் சேந்து புடிக்கலாம்.”

ஒகுஸ்துக்குச் சுருக்கென்றது. “துலோன்ல ஒக்காந்துகிட்டு எங்க ஊரு மழையப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காத” என்றார். தியரி சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். அவர் ஊருக்குக் கிளம்பிய மறுநாளே சுருட்டுகள் மரப்பெட்டிக்குள் போயின. காலி டப்பாவில் ஒகுஸ்தின் மனைவி இவோன் அப்பளம் போட்டுவைத்தாள்.

அடுத்த ஜனவரியில் தியரி வரவில்லை. நெஞ்சில் ஆபரேஷன். போனில், “சுருட்டெல்லாம் நல்லாருக்கா?” என்றார். மழைக்காலம் முழுக்க முள் கடைசிக் கோட்டில் நின்றதை ஒகுஸ்த் பார்த்திருந்தார். பெட்டியைத் திறக்க மட்டும் மனம் வரவில்லை. “அப்படியே இருக்கு” என்றார்.

2006இல் தியரி வந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். “புடிக்கக் கூடாதுன்னுட்டாங்க. மோந்து பாத்துட்டாவது போறேன்.”

பெட்டியைத் திறந்தார்கள். பன்னிரண்டிலும் பச்சைப் பூசணம். தியரி எடுத்த ஒன்று விரலிலேயே பிய்ந்தது.

“டப்பாவுல வைக்கலையா?”

இவோன் காப்பித்தட்டோடு நின்றிருந்தாள். “வச்சிருந்தேன்பா. இவதான் டப்பா வேணும்னு இதுல மாத்திட்டா” என்றார் ஒகுஸ்த்.

“இப்படிப் பண்ணிட்டீங்களே அண்ணி.”

இவோன் தட்டைக் கீழே வைத்தாள். “தெரியாமப் பண்ணிட்டேன்” என்றாள்.

தியரி போன பிறகும் அவள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கணவனோடு சண்டை போட்டிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தவக்காலத்தில் உட்கார்ந்து தியரிக்கு உள்ளதை உள்ளபடி எழுதினார். தபாலில் போடக் கூச்சப்பட்டு நான்கு நாள் வைத்திருந்தார். ஐந்தாம் நாள் தியரியின் மகள் சோஃபி போன் செய்து, அப்பா போய்விட்டார் என்றாள்.

தியரிக்குப் பூசை வைத்துவிட்டு வந்த சாயங்காலம் ஒகுஸ்த் மனைவியிடம், “அன்னிக்கு ஒம்மேல பழி போட்டிருக்கக் கூடாது” என்றார்.

“எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நடந்தது எனக்குத் தெரியும். அவருதான் என்னை அப்படி நெனச்சுகிட்டே போயிட்டாரு.”

ஒரு வாரம் கழித்து அந்தக் கடிதத்தைச் சோஃபிக்கு அனுப்பினார். பதில் வந்தது, இவோன் பேருக்கு. அவள் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க ஒகுஸ்துக்கு வாய் வரவில்லை.