பட்டியலில் நான் விட்ட பெயர்

மலர்விழியின் விடுதி அறையைப் பறித்தவள் நான்தான். நிர்வாகம் அல்ல, அவள் தலைவிதியும் அல்ல... நான்!

ஓராண்டுக்கும் மேலாக மறைத்துவந்தேன். இன்று உங்களிடம் சொல்கிறேன். கேட்டபின் காறித் துப்பினாலும் சரி.

மலேசியாவில், கோலா சாவா பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் அவள் வீடும் என் வீடும் அடுத்தடுத்து. ஒரே பல்கலைக்கழகம், ஒரே பாடம். நான் புத்தகமே கதியென்று கிடந்தேன். அவளோ இந்தியர் பண்பாட்டுக் கழகத்தின் செயலாளர். மாலையில் தோழிகளோடு வலைப்பந்து, சனிக்கிழமையானால் உருமி மேளம். தேர்வுக்கு முந்தின வாரம்கூட ஒத்திகைக்குப் போவாள். ஆனால் மதிப்பெண் மட்டும் எப்போதும் என்னுடையதைவிட ஒரு படி மேலே! அது எப்படி? எனக்கு மட்டும் ஏன் கைகூடவில்லை?

"மலரப் பாரு. மேளமும் அடிக்குது, படிக்கவும் செய்யுது. நீ ரூம்லயே அடைஞ்சி கெடந்து என்னத்தக் கண்ட?" என்பார் அம்மா.

வயிறு எரிந்தது. ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் என்று கேட்டு உள்ளுக்குள் மகிழ்ந்தேன்... அதையும் எழுதிவிடுகிறேன்.

மறு ஆண்டும் விடுதியில் இடம் வேண்டுமென்றால் எங்களுக்கு மெரிட் புள்ளிகள் வேண்டும். விழா வேலை செய்தவர்களின் பெயர்களைக் கணினியில் ஏற்றினால்தான் அந்தப் புள்ளி கிடைக்கும். அந்த ஆண்டுப் பொங்கல் விழாவைத் தலையில் சுமந்து நடத்தியவள் மலர். பதிவின் கடைசி நாளன்று அவளுக்கு ஒரு தேர்வு. கையால் எழுதிய தாளை என்னிடம் நீட்டினாள்.

"இத மட்டும் ஏத்திடு லா. ஒன் பேரயும் சேத்திருக்கேன். கோலம் போட்டல்ல?"

முதல் பெயர் அவளுடையது. நான் இரண்டாவது பெயரிலிருந்து தொடங்கினேன்! கை தவறியதா? இல்லை... ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். தாளைக் கிழித்துப் போட்டேன்.

எனக்கு அறை கிடைத்தது. அவளுக்கு இல்லை. மேல்முறையீட்டுக்கு அந்தத் தாளைக் கேட்டார்கள். என்னிடம் ஓடி வந்தாள்.

"தாள் இருக்காடி? என் பேரு அதுல இருந்திச்சில்ல?"

"தூக்கிப் போட்டுட்டேனே... ஒன் பேரு அதுல இல்லடி."

அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "ஊரு பேரெல்லாம் எழுதிட்டு என் பேர விட்டிருக்கேன் பாரு! யாரக் குத்தம் சொல்றது?"

என்னை ஒரு கணமாவது சந்தேகித்திருக்கக் கூடாதா, பாவி!

அதன்பின் தன் அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளில் தினமும் தோட்டத்திலிருந்து வந்துபோனாள். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், செம்பனை லாரிகளுக்கு நடுவே, மழையில்... வலைப்பந்து நின்றது. மேளம் நின்றது. மதிப்பெண்ணும் இறங்கியது. முதன்முறையாக நான் அவளை முந்தினேன். மகிழ்ந்தேனா? மகிழ்ந்தேன்! அதை நினைத்தால்தான் இன்று சோறு இறங்குவதில்லை.

கழகத்துக்குப் புதுச் செயலாளரைத் தேடியபோது மலரே எழுந்து என்னைக் காட்டினாள்.

"இவளயே போடுங்க லா. நான் மறந்த மாதிரி இவ மறக்கமாட்டா."

எல்லாரும் கைதட்டினார்கள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் எழுந்து நின்று, அவளுக்கு நன்றி சொன்னேன்.