தாசில்தார் செருமினால் கோமு வாய் திறப்பாள்

நான் ஒரு மடையன் என்பது வாரா வாரம் என்னைச் சகித்துக்கொள்ளும் உங்களுக்குப் புதிய சங்கதி அல்ல. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அதை என் பேரனும் கண்டுபிடித்துவிட்டான். அவனுக்கு வயது இரண்டு.

நடந்தது இதுதான். தாய்வீட்டுக்கு வந்திருக்கும் என் மகள் கோமு, கிண்ணத்தில் பருப்புச் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அவன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தூணைச் சுற்றி வந்தான். சோறு வேண்டாமாம், பிஸ்கட்தான் வேண்டுமாம். ஜெர்மன்காரனோடு சண்டை ஆரம்பித்ததிலிருந்து சீமை பிஸ்கட் டின் கடையில் கண்ணிலேயே படுவதில்லை என்பதை அவனுக்கு எந்தப் பாஷையில் விளக்குவது?

நான் சும்மா இருப்பேனா? "தள்ளும்மா, இதெல்லாம் எனக்கு அத்துப்படி" என்று எழுந்தேன். குளித்த துண்டை எடுத்துத் தலைப்பாகை கட்டினேன். குடையைக் கைத்தடியாகப் பிடித்தேன். நெஞ்சை நிமிர்த்தி, காலை அகட்டி, கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். அவன் முன்னால் வந்து நின்று தொண்டையைச் செருமினேன் — "ம்ஹுக்கும்!"

பேரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். அழுகல் கத்தரிக்காய் கொண்டுவந்த கூடைக்காரியைப் பார்ப்பது போல ஒரு பார்வை. பிறகு திரும்பவும் தூணைச் சுற்றப் போய்விட்டான்.

கோமு சிரித்தாள். "அப்பா, அவனுக்கு தாசில்தாரை எங்க தெரியும்? ரயிலைத்தான் தெரியும். 'கூ'ன்னு கத்துங்க, திம்பான்."

கத்தினேன். தின்றான்.

துண்டை அவிழ்த்துக் கொடியில் போடும்போது மனசு என்னவோ போல ஆகிவிட்டது. அந்தத் தாசில்தார் வேஷத்தை அவ்வளவு லேசாக நினைத்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் இதே கோமுவுக்கு வேளை தவறாமல் சோறு போட்டது அந்த வேஷம்தான்.

அப்போது நாங்கள் ஏரலுக்கு மேற்கே ஆற்றோரமாக ஓர் ஊரில் குடியிருந்தோம். நான் அங்கே தாலுகா கச்சேரியில் ஆக்டிங் குமாஸ்தா. கோமுவுக்கு ஒன்றரை வயது. பங்குனியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. போகும்போது பசியையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது.

இட்லியா? துப்புவாள். உளுந்தங்களியா? முகத்தைத் திருப்புவாள். நெய்ச் சோறா? அதை மட்டும் பெரிய மனசு பண்ணி வாங்கி ஒரு கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்வாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அப்படியே வெளியே எடுத்து என் உள்ளங்கையில் திருப்பிக் கொடுப்பாள். ஆனால் சுவரில் உதிர்கிற காரை இருக்கிறதே... அதை யாரும் ஊட்ட வேண்டியதில்லை!

பிள்ளை குச்சியாகிவிட்டாள். என் மனைவி செண்பகம் சுற்றிப்போடாத மிளகாய் இல்லை. பள்ளிவாசலில் ஓதி ஊதிய தண்ணீரும் வாங்கி வந்து கொடுத்தாள். ஆஸ்பத்திரி டாக்டர், "இனி மருந்து ஒன்றும் இல்லை. சோறு உள்ளே போனால் தேறிவிடும்" என்றார். போகாவிட்டால்? அதை அவரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இந்த நிலைமையில்தான் ஒருநாள் கச்சேரியில் தாசில்தாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய தலைப்பாகை, வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி. அவர் நடந்து வந்தால் கச்சேரிக் கட்டடமே அவருக்காக ஒதுங்கி நிற்பது போல இருக்கும். வந்து நின்று "ம்ஹுக்கும்!" என்று செருமுவார். அத்தனை பேனாவும் நின்றுவிடும். அப்புறம் ஒரே கேள்வி: "என்னவே, ஆச்சா?" எது ஆச்சா என்று அவர் சொல்லமாட்டார். எதுவுமே ஆகியிருக்காது என்பதால் நாங்களும் கேட்கமாட்டோம்.

கச்சேரியில் காட்ட முடியாத வீரத்தை வீட்டில் காட்டுவதுதானே குமாஸ்தாவுக்கு அழகு? துண்டைத் தலையில் சுற்றி, குடையைப் பிடித்து, அவர் நடையையும் செருமலையும் செண்பகத்துக்குச் செய்து காட்டினேன். மூலையில் இருந்த கோமு ஆச்சரியத்தில் வாயை 'ஆ'வென்று திறந்தாள். செண்பகம் என்னைப் போல மடைச்சி இல்லை. கையிலிருந்த கவளத்தைச் சட்டென்று உள்ளே தள்ளினாள்.

கோமு விழுங்கினாள்!

"ஏங்க, நிறுத்தாதிய! இன்னொருக்கா நடங்க!"

நடந்தேன். செருமினேன். திறந்தாள். "என்னவே, ஆச்சா?" என்றேன். விழுங்கிவிட்டு, காலி வாயைத் திறந்து காட்டினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் கச்சேரிதான். குழந்தைக்குச் சோறூட்டுவதும் சர்க்கார் உத்தியோகமும் ஒன்று — மேலிடம் வாயைத் திறக்கிற வரைக்கும் கீழே இருப்பவன் கையை நீட்டிக்கொண்டே நிற்க வேண்டும்.

கோமுவின் கன்னத்தில் கொஞ்சம் சதை எட்டிப் பார்த்தது. ஆனால் என் உத்தியோகம்? என் வேலையை நிரந்தரமாக்குவதா, என்னை வீட்டுக்கு அனுப்புவதா என்று தாசில்தார் மேலே எழுத வேண்டிய சமயம் அது. பக்கத்து வீட்டு ஜவுளிக்கடை அண்ணாச்சி வேறு வாசலில் நிறுத்தி வைத்துக் கேட்டார்: "என்னவே, தாசில்தார் தினமும் உம்ம வீட்டுலதான் சாப்பாடாமே? செருமல் எங்க அடுப்படி வரைக்கும் கேக்கு!"

"இன்னியோட போதும் செண்பகம். எவனாவது போய் அவரு காதுல ஓதிட்டான்னா என் பொழைப்பு போயிரும்" என்றேன்.

"உங்க பொழைப்பு போனா எங்க அண்ணன் கடையில கணக்கு எழுதலாம். பிள்ளை போனா எங்க போய் வாங்குவிய?" என்றாள்.

நான் துண்டை எடுத்துத் தலையில் சுற்றினேன்.

அப்புறம் அந்தச் சாயங்காலம் வந்தது. முகாம் வேலையாக வெளியூர் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். நான் இல்லாததால் கோமு காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வாயில் வாங்கவில்லை. கண்கள் உள்ளே போயிருந்தன. சட்டையைக்கூடக் கழற்றாமல் தலைப்பாகையைக் கட்டினேன். வழக்கத்தைவிட ஒரு சுற்று அதிகமாகவே நடந்தேன். அவள் முன்னால் வந்து நின்றேன். மூச்சை இழுத்தேன்.

"ம்ஹுக்கும்!"

கோமு வாயைத் திறந்தாள். ஆனால் நேயர்களே... நான் இன்னும் செருமவில்லை!

திரும்பினேன். வாசலில் சாட்சாத் தாசில்தார். தெருமுனையில் அவருடைய வண்டிச் சக்கரத்தின் கடையாணி கழன்றுவிட்டதாம். சரியாகும் வரை உட்கார இடம் தேடி, நம் குமாஸ்தா வீடுதானே என்று வந்திருக்கிறார். எப்போது வந்தார், எவ்வளவு நேரமாக நிற்கிறார்... யாருக்குத் தெரியும்?

"தலையில என்னவே?"

"தலைவலி, எசமான்."

"குடை?"

"மழை வரும்போல இருக்கு, எசமான்."

"வீட்டுக்குள்ளயா?"

துண்டை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவர் பெஞ்சியில் உட்கார்ந்தார். கோமு திறந்த வாய் திறந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை ஏன் வாயைத் திறந்துக்கிட்டு இருக்கு?"

"பசி, எசமான்."

"அப்போ ஊட்டும்."

ஊட்டினேன். வாங்கிக்கொண்டாள். வாய் மூடியது. அடுத்த கவளத்தை நீட்டினேன். உதடு பூட்டு. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அசல் வந்து எதிரே உட்கார்ந்திருக்கும்போது நகலை யார் மதிப்பார்கள்?

கவளம் என் கையிலேயே நின்றது. செருமினால் வேலை போகும். செருமாவிட்டால் பிள்ளைக்கு இரவும் பட்டினி. அவளுடைய நெஞ்செலும்பு ஏறி ஏறி இறங்குவது தெரிந்தது. சரி, போவது போகட்டும் என்று நான் தொண்டையைத் தயார் செய்வதற்குள், கதவுக்குப் பின்னாலிருந்து செண்பகத்தின் குரல் வந்தது. நிதானமாக, தெளிவாக.

"இங்கேருங்க... எசமானை இன்னொருக்கா செருமச் சொல்லுங்க."

பூமி பிளக்கவில்லை. எனக்கு வேண்டும்போது அது எப்போது பிளந்திருக்கிறது?

தாசில்தார் என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கோமுவின் குச்சிக் கையைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். கைத்தடியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"ம்ஹுக்கும்!"

திறந்தாள். ஊட்டினேன். "என்ன, ஆச்சா?" என்றார். காலி வாயைக் காட்டினாள். மறுபடியும் செருமினார். கிண்ணம் காலியாகும் வரை அந்தப் பெரிய மனுஷர் செருமிக்கொண்டே இருந்தார். நான் ஊட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் வண்டிக்காரன் வந்து கூப்பிட்டான். கோமு தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் கச்சேரியில் எதுவும் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அந்த மௌனம் என்னைப் படுத்திய பாடு! கொஞ்ச நாளில் என் வேலை நிரந்தரம் என்று உத்தரவு வந்தது. அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை. அவர் அன்று எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்று தெரியாமலே நான் காலம் தள்ளினேன். கோமுவும் பைய பைய தேறினாள். தாசில்தார் இல்லாமலே சாப்பிடத் தொடங்கினாள். துண்டு மறுபடி வெறும் துண்டாகிவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனாலும் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கை தானாகக் குடையைத் தேடும்.

பிறகு அவருக்கு மதுரைப் பக்கம் மாற்றல் ஆயிற்று. மாலை மரியாதையெல்லாம் முடிந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தார். நான் மட்டும் பக்கத்தில் போய் நின்றேன். இப்போது கேட்காவிட்டால் எப்போது?

"எசமான்... அன்னைக்கு எங்க வீட்டுல... பிள்ளைக்காகத்தான் அப்படி... மனசுல வச்சுக்கிடக் கூடாது" என்று இழுத்தேன்.

அவர் வண்டிக்காரனை ஓட்டச் சொல்லிவிட்டு, நேராக முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"செருமல் சரிதான்வே, பிள்ளையே நம்பிட்டு. நடைதான் எனக்கு அம்புட்டுக் கோணல் கிடையாது."