குடுவையின் இரண்டாம் தாள்

பள்ளியில் ஓவிய ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கரோலின் பழம்பொருட்களின் உருவங்களை அச்சுப் படங்களாக எடுக்கத் தொடங்கினாள். அவளுக்குப் பிடித்தது பூனா அருங்காட்சியகம் ஒன்றில் இருந்த மண்குடுவை. மூவாயிரம் வருஷத்துப் பழசு. யானைக்குட்டியின் துதிக்கை மாதிரி நீண்ட மூக்கு. அதன் எதிரே அவள் உட்கார்ந்து உட்கார்ந்து, கடைசியில் காவலாளியே ஸ்டூல் எடுத்துப் போட ஆரம்பித்தார்.

அவள் செய்வது மோனோடைப். வழவழப்பான தகட்டில் கறுப்பு மையை உருட்டி, துணியாலும் தீக்குச்சியாலும் விரலாலும் துடைத்து உருவம் எடுப்பாள். ஈரத்தாளை மேலே விரித்து எந்திரத்தில் ஒரே ஓட்டமாக ஓட்டினால் படம் தாளுக்கு வந்துவிடும். பிறகு தகட்டில் மிஞ்சுவது நிழல்தான். ஒரு தகட்டுக்கு ஒரு படம்.

எந்திரம் கணவர் தங்கராஜின் கைவேலை. பூனாவை ஒட்டிய கட்கியில், தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். மூடிப்போன கரும்புச்சாறுக் கடையின் உருளைகளை வாங்கி, அவற்றின் வரிப்பள்ளம் மறையக் கடைந்து பொருத்தினார். சக்கரத்தைச் சுற்றுவது மட்டும் கரோலின்தான். இந்த மே மாதம் அவள் தோள் இறுகிக்கொண்டது. பளு கூடாது என்றார் டாக்டர்.

அந்த மாதம்தான் பூனாவின் கராடிப் பகுதியில் நடக்கும் ஓவியக் கண்காட்சியில் முதல் தடவையாக அவளுக்கு இடம் கிடைத்தது. அதற்கு முன் அனுப்பியதெல்லாம் திரும்பி வந்தவை. புதுப் படம் ஒன்று வேண்டும். கெடு நாளன்று சாயங்காலம் கண்காட்சிக்காரர்களின் ஆள் ரோஹிணி வந்து வாங்கிப் போவாள். தவறினால் இடம் வேறொருவருக்கு.

அன்று காலை முழுக்கத் துடைத்து எடுத்த குடுவையைத் தங்கராஜ் ஓட்டினார். பாதியில் நிறுத்தி, மேலே போட்டிருந்த கம்பளியைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏங்க! நடுவுல ஏன் நிப்பாட்டினீங்க?"

"மொதப் பீசைப் பாத்துட்டுத்தான ஓட்டணும்? முப்பது வருசப் பழக்கம்ளா."

"மொதப் பீசும் கடைசிப் பீசும் இதுதான்!"

மீதியையும் ஓட்டித் தாளை உரித்தபோது, நிறுத்திய இடத்தில் குடுவையின் வயிற்றுக்குக் குறுக்கே கறுப்புக் கோடு விழுந்திருந்தது. தங்கராஜ் அதை விரலால் தடவப் போனார். அவள் கையைத் தட்டிவிட்டாள். புலம்ப நேரமில்லை, வெயிலில் மை காய்ந்துவிடும். மிச்ச மை மேல் இன்னொரு ஈரத்தாளை விரித்தாள்.

"நிக்காம ஓட்டுங்க. வாயையும் தொறக்காதீங்க."

இரண்டாம் தாளில் குடுவை வெளிறி வந்தது. மூக்கு இருப்பது கிட்டே போனால்தான் தெரிந்தது. கோடு இல்லை.

சாயங்காலம் வந்த ரோஹிணிக்குக் கோடு போட்டதுதான் பிடித்தது. "ஆன்ட்டி, இது விரிசல் மாதிரி இருக்கு. பழைய பானைக்குப் பொருத்தம். நடுச்சுவர்லயே மாட்டலாம்," என்றாள் இந்தியில்.

"அந்தக் குடுவையில விரிசல் கிடையாதும்மா."

"யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும். வேணும்னா வெளிறினதை எடு. இல்லேன்னா விடு."

ரோஹிணி வெளியே போய் ஃபோனில் பேசினாள். கரோலின் உருளையைத் துடைத்தாள். தங்கராஜ் தேநீர் போட்டார். சர்க்கரை போட மறந்தார். திரும்பி வந்த ரோஹிணி, லிஃப்ட் பக்கத்துச் சுவரில்தான் இடம் என்றாள். சரி என்று கரோலின் வெளிறியதைச் சுற்றிக் கொடுத்தாள்.

திறப்பு நாளன்று லிஃப்டை விட்டு இறங்கியவர்களை எல்லாம் தங்கராஜ் பிடித்து நிறுத்தினார். "இது ரெண்டாந்தாள். மொதத் தாளைக் கெடுத்தது நான்தான்," என்று யாரும் கேட்காமலே விளக்கினார். கரோலின் அவரை அங்கேயே விட்டுவிட்டு, நடுச்சுவரில் என்ன மாட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கப் போனாள்.