காசு வெட்டாமல் திரும்பினோம்

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் எங்கள் வீட்டுக்கு வரும் வண்டித்தடத்தின் குறுக்கே கம்பிவேலி போட்டார். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அன்றிலிருந்து வரப்பில் நடந்துபோய்த்தான் பள்ளி வேனைப் பிடித்தாள். பாம்பு கிடக்குமே என்று அவள் வேன் ஏறும்வரை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

நிலத்தை அளக்கச் சொல்லி மனுக் கொடுத்தோம். சர்வேயர் வரவில்லை. வேலி போட்டவர் வீட்டுக்குப் புதுக் கார்தான் வந்தது.

குலதெய்வத்தின் முன் காசை வெட்டிப் போட்டால், கெடுதல் செய்தவர் குடும்பம் விளங்காது என்பார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு உளியோடு போனேன்.

"மொதல்ல பூக் கேளுங்க," என்று பூசாரி இரண்டு பொட்டலம் கட்டி வைத்தார். வெள்ளைப் பூ வந்தால் வெட்டலாம், சிவப்பு வந்தால் கூடாது. மகள் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு.

"சாமியும் அவங்க கட்சிதானா?" என்றேன்.

"இல்லம்மா. 'நீ உளியக் கீழ வெய்யி, மத்தத நான் பாத்துக்கறேன்'னு சொல்லுது," என்றாள் மகள்.

பூசாரி சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. வெட்டாத காசை உண்டியலில் போட்டு, "இனி உன் பொறுப்பு" என்று கும்பிட்டேன். அதன்பின் அந்தக் கார் ஹாரன் அடித்துப் போனாலும் வயிறு எரியவில்லை. பாம்புப் பயம் மட்டும் மிச்சம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம், சர்வேயர் அம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். காபி கலக்க ஓடினேன்.

"வேண்டாங்கக்கா. வேலி போட்டவங்க ஊட்லயுங் குடிக்கல, உங்க ஊட்லயுங் குடிக்க மாட்டேன். எல்லைக்கல்லு எங்கீங்க, காட்டுங்க."