சந்தனம் வைத்த மோட்டார்

என் தாய்மாமா மோட்டார் ஓட்டக் கற்றுக்கொண்டது அம்மாவுக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. மகாராஜா காலம் அது. பத்மநாபன் கோயில் இருக்கிற ஊரில், வலியசாலை அக்ரகாரத்துக்கு அடுத்த தெருவில் இருந்தோம். மாமாவும் எங்களோடுதான். மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு முதலாளியிடம் அவருக்கு டிரைவர் வேலை கிடைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

அந்த முதலாளியிடம் கூரையில்லாத சிவப்பு மோட்டார் ஒன்று இருந்தது. சீமையில் பந்தயத்துக்கு ஓட்டுகிற வகையாம். இரண்டு பேர்தான் உட்காரலாம். பூனை பதுங்குகிற மாதிரி தரையோடு தரையாக நிற்கும். முன்பிருந்த டிரைவர் அதை வாசல் தூணில் லேசாக உரசிவிட்டார் என்று அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியவர் முதலாளி. இந்த வேலையை நம்பித்தான் மாமாவுக்குப் பெண் பேசித் தை மாதம் கல்யாணம் என்று வைத்திருந்தார்கள்.

அந்த வருஷம் நவராத்திரிக்கு முதலாளி தோட்டத்துக்குப் போயிருந்தார். விஜயதசமியன்று சாயங்கால ரயிலில் வருவார், ஸ்டேஷனுக்கு வண்டி கொண்டுபோக வேண்டும். அதுவரை மோட்டார் எங்கள் முற்றத்தில் நின்றது.

எங்கள் பக்கத்தில் அஷ்டமி சாயங்காலம் புத்தகத்தையும் ஆயுதத்தையும் பூஜைக்கு வைத்துவிட்டால் தசமி காலைவரை தொடக்கூடாது. அம்மா அரிவாள்மணைக்கும் அப்பாவின் தராசுக்கும் சந்தனம் வைத்துவிட்டு மோட்டாரிடம் வந்தாள். இதில் முக்கியமான இடம் எது என்று கேட்டாள். மாமா சிரித்துக்கொண்டே கீழே இருந்த சின்ன மிதியைக் காட்டினார்.

“இதை மிதிச்சாத்தான் ஓடும் யக்கா. மத்ததெல்லாம் சும்மா அலங்காரம்.”

சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார். அம்மா கிண்ணத்தில் மீதியிருந்த சந்தனம் முழுவதையும் அந்த மிதியின் தலையிலும் அடியிலும் அப்பினாள். குங்குமம் வைத்தாள். மஞ்சள் அரிசியை அட்சதையாகத் தூவி, கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

தசமி காலையில், முதல் ஓட்டம் பழவங்காடிப் பிள்ளையாருக்குத்தான், அங்கே தேங்காய் உடைத்த பிறகுதான் மற்றதெல்லாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். மாமா பக்கத்தில் அம்மா, அம்மா மடியில் நான், என் மடியில் தேங்காயும் பழமும் வைத்த பூஜைக்கூடை. தெருவே வந்து வேடிக்கை பார்த்தது.

சாலைக் கடைத்தெருவில் நுழைகிறவரை வண்டி சாதுவாகத்தான் போனது. ஒரு மாட்டுவண்டியைத் தாண்டுவதற்காக மாமா மிதியை நன்றாக அமுக்கினார். தாண்டியாகிவிட்டது, காலையும் எடுத்துவிட்டார். மிதி மட்டும் மேலே வரவில்லை.

வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்தது. மாமா பிரேக்கின் மேல் எழுந்து நிற்காத குறை. வேகம் குறைந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. ஏதோ கருகுகிற நாற்றம் வந்தது. கிளச்சையும் மிதித்தால் எஞ்சின் வெடித்துவிடுமோ என்று பயந்ததாகப் பின்னால் சொன்னார். அன்று பிள்ளைகளை முதல் எழுத்து எழுதவைத்து எழுத்துக்கு இருத்துகிற நாள். புது முண்டு வேட்டி கட்டிய குழந்தைகளை இடுப்பிலும் தோளிலும் சுமந்துகொண்டு ஜனங்கள் தெரு முழுக்கக் கோயிலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். அரிசிக்கடை வாசலில் நின்ற ஒருவர், “எடோ, தனக்கு கண்ணு கண்டூடே?” என்று மலையாளத்தில், கண் தெரியாதா என்று கத்தினது எங்களுக்குப் பின்னால் போயிற்று.

எஞ்சினை அணைக்கிற சுவிட்சு எங்களுக்கு எதிரே இருந்த பலகையின் நடுவில் இருந்தது. அதன்மேல் என் கூடை சாய்ந்திருந்தது.

“யக்கா, கூடையை எடு. சுவிட்சு மறையுது.”

“எங்கல வைக்க? கீழே கால் படுமே, சாமிக்குள்ளதுல்லா.”

“எங்கயாவது வையி. முன்னால பிள்ளைங்க நிக்குது பாரு.”

அம்மா கூடையை இரண்டு கையாலும் தூக்கித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டாள். “பத்மநாபா, பத்மநாபா” என்று அவள் சொல்லச் சொல்ல, மாமாவின் கை என் முகத்தைத் தாண்டிப் போய்ச் சுவிட்சைத் திருப்பியது. உறுமல் நின்றது. வண்டி இன்னும் கொஞ்சம் உருண்டுபோய், குழந்தையைத் தோளில் வைத்திருந்த ஒருவரின் முண்டில் தன் மூக்கு படுகிற தூரத்தில் நின்றது. அவர் வெளுத்துப்போய் நின்றார். குழந்தை மட்டும் வண்டியைப் பார்த்துச் சிரித்தது.

கூட்டம் ஆளுக்கொரு பேச்சாகப் பேசி ஓய்கிறவரை மாமா எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அம்மாவிடம் கொண்டை ஊசி ஒன்று வாங்கிக்கொண்டு, மண்ணில் முழங்காலிட்டு, மிதியின் இடுக்கில் வெகுநேரம் நோண்டினார். அம்மா கூடையை இறக்காமல், கண்ணைத் திறக்காமல், என்னல ஆச்சு என்று கேட்டாள். மாமா ஊசி முனையை வேட்டியில் துடைத்தார்.

“ஸ்பிரிங்கு இறுகிட்டுது யக்கா. வேற ஒண்ணும் இல்ல.”

அவர் எழுந்தபோது உள்ளங்கையில் காய்ந்த கட்டியும் நாலைந்து மஞ்சள் அரிசியும் இருந்தன. அதைத் தெருவில் போட அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. கட்டியை வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டார். அரிசியை என் உச்சந்தலையில் போட்டார். நடுத்தெருவில் மாமாவுக்கு அட்சதை எங்கிருந்து கிடைத்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பகவான் கொடுத்திருப்பார் என்று இருந்துவிட்டேன்.

சாயங்காலம் முதலாளி வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு குறை எதுவும் காணாமல் ஏறிக்கொண்டாராம். தை மாதம் கல்யாணமும் நடந்தது. தான் வைத்த சந்தனம்தான் அன்றைக்கு எல்லாரையும் காப்பாற்றியது என்று அம்மா கடைசிவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். பக்கத்தில் இருந்தால் மாமாவும் ஆமாம் போடுவார். பத்மநாபன் காப்பாற்றினான் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. எதிலிருந்து காப்பாற்றினான் என்பதுதான் அம்மாவுக்குத் தெரியாது.

அடுத்த நவராத்திரிக்கு அம்மா சந்தனக் கிண்ணத்தோடு மோட்டாரிடம் வந்தபோது மாமா குறுக்கே வந்து நின்றார்.

“கால் வைக்கிற எடத்துல சந்தனம் வைக்கலாமா யக்கா? பாவமில்லையா?”

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். போன வருஷமே இதைச் சொல்லக்கூடாதா என்று அவரைக் கடிந்துகொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, அந்தத் தப்புக்காக ஒரு நெய்விளக்கும் நேர்ந்துகொண்டாள். கோயிலைக் கண்டால் வாசலோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிற மாமா இத்தனை ஆசாரம் எப்போது படித்தார் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். மாமி வந்த வேளை, மாமாவுக்குப் பக்தி வந்துவிட்டது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.